கறுப்பு பிளைமவுத்தும் ஒரு வருசச் சத்தியமும்

கருத்தப்பாண்டியின் வலது கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஆளைப் பற்றி அப்புறம் சொல்லலாம். ஏனென்றால் எந்த இடத்துக்குப் போனாலும் ஆளுக்கு முன்னால் அந்தக் கைதான் போய் நிற்கும். பதினேழு வயதில் குளத்தூர் உப்பளத்தில் கங்காணி ஒருத்தரின் முன்பல் இரண்டை எடுத்தது. இருபத்திரண்டில் எட்டயபுரம் பஸ்ஸில் காலை மிதித்தவனின் மூக்கை உடைத்தது. முப்பத்தொன்றில் சொந்தச் சித்தப்பா மகனைக் கருவேல விறகால் சாத்திவிட்டு, பாளையங்கோட்டை ஜெயிலில் பதினான்கு மாசம் உட்கார்ந்து எழுந்து வந்தது. கேட்டால், "நான் எங்க அடிச்சேன், கை போயிட்டு" என்பான். போகும், போகும். அந்தக் கை ஒரு நாளாவது ஒரு போலீஸ்காரர் மேல் போயிருக்கிறதா? இல்லை. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

அது அதிகம் போன இடம் அவன் பெண்டாட்டி ராதாமணி. பதினெட்டு வருசம். குழம்பில் உப்பு கூடினால் ஒன்று, அவள் தம்பி வந்துவிட்டுப் போனால் ஒன்று, ஒரு காரணமும் கிடைக்காத நாளில் 'என்ன மொறைக்கே' என்று ஒன்று. கடைசியாக விழுந்தது போன வருசம் பங்குனி மாசம், சட்டையில் பித்தான் தைக்க மறந்ததற்காக. உள்ளங்கையை லேசாகக் குவித்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி, இடது காதோடு சேர்த்துக் கொடுத்தான். அவள் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தக் காது இனி கேட்காது என்றார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே புதியம்புத்தூருக்குப் பஸ் ஏறி, அக்கா வீட்டில் தங்கி, ஒரு தையல் கம்பெனியில் பாவாடை தைக்கிற வேலையில் சேர்ந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து கருத்தப்பாண்டி போய் நின்றான். கூட்டம் கூட்டிப் பேசலாம் என்று நாலு பேரைக் கூட்டிப் போயிருந்தான். ராதாமணி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு சூடக்கட்டியை எடுத்து வந்து, வாசல் கல்லில் வைத்துக் கொளுத்தினாள்.

"அணைச்சி சத்தியம் பண்ணுங்க. ஒரு வருசம். அடுத்த பங்குனி இருபத்தேழு வரைக்கும் உங்க கை யாரு மேலயும் படக்கூடாது. எம்மேல மட்டுமில்ல, ஒரு நாய் மேல கூட. பட்டுச்சுன்னா எங்காதுக்கு வந்துரும். ஒரு காது மிச்சம் இருக்கு. அதோட முடிஞ்சி, தாலிய தபால்ல அனுப்பிருவேன். படலன்னா அன்னைக்கு நானே வாரேன்."

அவன் வலது உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினான். தோல் பொசுங்கிய வாடை நாலு பேருக்கும் அடித்தது. அந்த வடு காலணா அளவுக்கு இன்னும் இருக்கிறது.

அந்த ஒரு வருசம் அவன் பட்ட பாடு இருக்கிறதே. குடிகாரப் பயல் ஒருத்தன் டீக்கடையில் வைத்து அவன் அம்மாவை இழுத்துப் பேசினான். சித்தப்பா மகன் வேண்டுமென்றே வந்து தோளில் இடித்துவிட்டுப் போனான், இவன் அடிக்க மாட்டான் என்ற செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பழைய பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கருத்தப்பாண்டி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். பாலிஷ் போடுகிற பனியன் துணி ஒன்றைச் சுருட்டி எப்போதும் டவுசர் பையில் வைத்திருப்பான். கோபம் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தத் துணியைப் பிடித்து நெரிப்பான். துணியில் ஊறியிருக்கிற மெழுகு விரல் இடுக்கில் பிதுங்கி வரும். எதிரே நிற்பவனின் கழுத்தை நெரிக்கிறதாகத்தான் மனசில் நினைத்துக்கொள்வான். பொய் சொல்வானேன், அவன் ஒன்றும் திருந்திவிடவில்லை. ராதாமணி வேண்டும், அவ்வளவுதான்.

கார்களுக்குத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவதுதான் அவன் தொழில். ஜெயிலிலிருந்து வந்த பிறகு லாரி பாடி கட்டுகிற பட்டறையில் கற்றுக்கொண்டது. அத்தனை பேரை உடைத்த கை, பெயிண்டின் மேல் மட்டும் பூ மாதிரி போகும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே பள்ளத்தை நிரவுகிற பட்டியின் மேல் அவசரமாக வர்ணம் அடித்திருக்கிறான் என்று சொல்லிவிடுவான். அதனால்தான் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியன் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவர் அப்பா காலத்து பிளைமவுத் கார் ஒன்று குச்சி குடோனில் முப்பது வருசமாகச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அதை வெளியே இழுத்து, மதுரைக்குக் கொண்டுபோய் என்ஜின் பார்த்து, தகரம் தட்டி, கன்னங்கறுப்பில் வர்ணம் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் பழைய கார்களின் கண்காட்சி. சனிக்கிழமை பகலில் வண்டி கிளம்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமைதான் பங்குனி இருபத்தேழு.

புதன்கிழமை காலையில் முதலாளி பங்களா ஷெட்டில் வைத்துக் காரைப் பார்த்ததும் கருத்தப்பாண்டி மூக்கை பானட்டுக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, வர்ணம் அடிச்சி எத்தன நாளாச்சி?"

"பதினோரு நாளு."

"இன்னும் தின்னர் வாடை போகல. உள்ள பச்சையாத்தான் இருக்கு. ஒரு மாசமாவது மூச்சு விடணும், அதுக்கப்புறம்தான் மெழுகு. இப்பப் பூசுனா மூடிக்கிடும், பெறகு வெள்ளையாப் பூத்துப் போகும்."

"கண்காட்சிய ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லட்டுமாலே?" என்றார் சௌந்தரபாண்டியன். பக்கத்தில் நின்ற மகன் மணிகண்டபிரபு சிரித்தான்.

"சரி, மெலுசாப் பூசித் தாரேன். ஆனா ஒண்ணு. கார் மேல யாரும் கை வைக்கக் கூடாது, ஒரு பொருள் வைக்கக் கூடாது. தண்ணி டம்ளர் வச்சாக்கூட தடம் விழுந்துரும்."

மணிகண்டபிரபுவுக்கு இருபத்தாறு வயசு. வலது மணிக்கட்டில் கனத்த வெள்ளிக் காப்பு. அன்றைக்கே கருத்தப்பாண்டி பார்த்தான்: கதவைத் திறக்கத் தாமதித்த வாட்ச்மேனின் பிடரியில் அந்தப் பையன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போனில் பேசிக்கொண்டே உள்ளே போனான். வாட்ச்மேனுக்கு அறுபது வயசு இருக்கும். அடித்ததை அடித்தவன் கவனிக்கவே இல்லை. கருத்தப்பாண்டியின் கை தானாக டவுசர் பைத் துணிக்குப் போனது. அது கோபம் என்றுதான் அவன் நினைத்தான்.

இரண்டு நாள் வேலை நடந்தது. கரிசல் காற்று அடிக்கிற மாசம், ஒரு தூசி துணியில் சிக்கினால் போதும், கறுப்பில் கோடு கோடாக இழுத்துவிடும். ஷெட் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தான். சோப்புத் தண்ணியில் நனைத்த வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருந்த மேற்பரப்பை அறுத்தான். அதன் மேல் காம்பவுண்டுப் பசை, அதன் மேல் சுழன்று தேய்க்கிற பஃபிங் மெஷின், கடைசியில் வெறுங்கை. வியாழன் சாயங்காலம் பானட்டில் குனிந்தபோது அவன் முகம் அப்படியே தெரிந்தது. நாற்பத்தாறு வயசு, நெற்றியில் பழைய வெட்டு. இந்த மூஞ்சியைத்தான் அவள் பதினெட்டு வருசம் எதிரில் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தான். நாளை மறுநாள் காலைப் பஸ்ஸில் வந்துவிடுவாள். பங்களா வாசலுக்கே வந்துவிடச் சொல்லி, யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது வினை. ஊர்வழி போகிற வண்டிக்குப் பூசை போடாமல் அனுப்பலாமா? சௌந்தரபாண்டியன் சம்சாரம் கல்யாணசுந்தரி தேங்காய், எலுமிச்சம்பழம், பித்தளைத் தட்டில் சூடம் எல்லாம் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். கருத்தப்பாண்டி தண்ணீர் பிடிக்கப் பின்னால் போயிருந்தான். அவள் காருக்குச் சூடம் காட்டினாள். காட்டி முடிப்பதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுக்க வேண்டுமே, எரிகிற தட்டைப் பானட்டில் வைத்துவிட்டாள். சாமி தட்டுதானே, அது எங்கே கெடுதல் செய்யப் போகிறது என்ற நினைப்பு. கருத்தப்பாண்டி வாளியோடு திரும்பி வந்து, பார்த்து, ஓடிவந்து தட்டைத் தூக்கினான். காயாத வர்ணம் சூட்டில் இளகி, தட்டின் அடிவளையம் முழுசாகப் பதிந்திருந்தது.

கல்யாணசுந்தரிக்கு முகம் வெளுத்துவிட்டது. போனைக் கூட அணைக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் வச்சேன்னு சொல்லிராத கருத்தப்பாண்டி. ஒனக்குக் கோடிப் புண்ணியம். எம்மவன் கை நீட்டிருவான். பெத்த தாயின்னும் பாக்க மாட்டான்."

அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமான குரல். வார்த்தைகள்கூட இல்லை, அந்த இழுப்பு. வீட்டுக்கு யாராவது வந்திருக்கையில் அடுப்பங்கரையிலிருந்து ராதாமணி, 'ஒண்ணுமில்ல, கதவு இடிச்சிட்டு' என்று சொல்வாளே, அதே இழுப்பு.

"நீங்க உள்ள போங்கம்மா. நான் எடுத்திருதேன்" என்றான்.

எடுக்கவும் செய்தான். நாலு மணி நேரம். வர்ணம் காகிதக் கனம்தான் இருக்கும். கொஞ்சம் அதிகமாக அறுத்தால் கீழே இருக்கிற சாம்பல் நிறம் பல்லைக் காட்டிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தேய், ஒரு தடவு, இரண்டு தேய், ஒரு தடவு. வளையம் கரைந்து கரைந்து இல்லாமலே போனது. பஃப் அடித்து, மெலிசாக மெழுகு பூசி, பனியன் துணியால் துடைத்தான். பானட் பழையபடி கறுத்துக் கிடந்தது. தப்பித்தோம் என்று கல்யாணசுந்தரிக்குச் சைகை காட்டினான்.

ஆனால் காயாத வர்ணத்துக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. சூடு வாங்கின இடத்தில் உள்ளுக்குள் வீங்கும்; அப்போது சமமாகத் தேய்த்துவிட்டாலும், ஆறி வற்றும்போது அந்த இடம் மட்டும் உள்வாங்கும். சனிக்கிழமை காலை காரை வெளியே வெயிலுக்கு உருட்டினபோது, பானட்டின் நட்டநடுவில், மேசையில் ஈர டம்ளர் வைத்து எடுத்தது மாதிரி வளையம் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது.

மணிகண்டபிரபு முதலில் பார்த்தான்.

"என்னதுலே இது?"

கருத்தப்பாண்டி வாயைத் திறப்பதற்குள் முதல் அடி விழுந்தது. வெள்ளிக் காப்பு கன்ன எலும்பில் இடித்து, கண்ணுக்குக் கீழே கிழிந்தது. அவன் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனான். பையிலிருந்து எடுத்த துணி விரல்களுக்குள் இருந்தது.

"மெஷின சுடச் சுட மேல வச்சிட்டு எங்கலே போன? பொறுக்க? பீடி பொறுக்க?" இரண்டாவது அடி.

கருத்தப்பாண்டி முதலாளியைப் பார்த்தான். சௌந்தரபாண்டியன் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனசு முழுக்க மதுரையில் இருந்தது. வாசல்படியில் கல்யாணசுந்தரி நின்றாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் இந்த அடி அந்த வாசல்படிக்குப் போய்விடும். அவன் சொல்லவில்லை. இது ஏதோ பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். மணி பத்தே முக்கால், பஸ் வந்திருக்கும், இன்னும் பத்து நிமிசம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் ஒரு வருசம் முடிந்துவிடும். அது ஒன்றுதான் அவன் தலைக்குள் இருந்தது.

"வாயத் தொறந்து சொல்லுலே. எப்படி விழுந்துச்சி?"

"எங்கையாலதான் தம்பி. தப்பு நடந்துட்டு."

தப்பு நடந்துட்டு என்று சொன்னதுதான் பையனுக்கு ஆகவில்லை. தண்ணீர்க் குழாயை எடுத்து மடித்தான். தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று, முழங்கையில் ஒன்று. பச்சை ரப்பர் சதையில் விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தினார்கள். கருத்தப்பாண்டியின் வலது கை பின்னால் தானாகக் குவிந்தது. ஒரே ஒரு எட்டு, ஒரே ஒரு சுண்டு, இந்தப் பயல் தரையில் கிடப்பான். துணியிலிருந்து மெழுகு வழிந்து விரல் நுனிக்கு இறங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வலியால் அல்ல, அடிக்க முடியாததால்.

குழாயின் நாலாவது அடி காதைச் சுற்றி விழுந்தபோது கேட்டுக்குள் ராதாமணி வந்துகொண்டிருந்தாள்.

கையில் கட்டைப்பை. பச்சை நூல்சேலை, பஸ்ஸில் கசங்கியிருந்தது. அவள் நின்று பார்த்தாள். புருசன் முகத்தில் ரத்தம், பின்னால் கட்டின கை, எதிரே குழாயை ஓங்கிக்கொண்டு ஒரு பையன். பையைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று நடக்கக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் வந்தாள். மணிகண்டபிரபு திரும்பி, "யாருட்டி நீ?" என்றான்.

அவள் உள்ளங்கையை லேசாகக் குவித்து, மணிக்கட்டைச் சுண்டி, அவன் இடது காதோடு சேர்த்துக் கொடுத்தாள்.

பையன் சுருண்டு காரின் மேல் போய் விழுந்தான். பிடிமானத்துக்குக் கையைத் துழாவினான்; வெள்ளிக் காப்பு முன்கதவில் தொடங்கி மட்கார்டு வரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்துக்கொண்டு போனது. கறுப்புக்குள்ளிருந்து தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

கருத்தப்பாண்டி அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. அவளுடைய மணிக்கட்டையே பார்த்தான். அந்த அடியை அவனுக்குத் தெரியும். அது அவனுடைய அடி. குவிக்கிறது, சுண்டுகிறது, விழுகிற இடம், எல்லாம் அச்சு மாறாமல் இருந்தது. பதினெட்டு வருசம் வாங்கி வாங்கிப் படித்து வைத்திருக்கிறாள், பாவி மகள்.

"ஏட்டி" என்று கத்திக்கொண்டு சௌந்தரபாண்டியன் பாய்ந்தார். கருத்தப்பாண்டி குறுக்கே போய் நின்றான், கை அப்போதும் பின்னால்தான் இருந்தது.

"அடிக்கதுன்னா என்னய அடிங்க அண்ணாச்சி. அவள தொடாதீய."

"கை நீட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுனது இவியதான்" என்றாள் ராதாமணி. குரல் உயரவே இல்லை. "நான் யாருக்கும் சத்தியம் பண்ணல. வாங்க அண்ணாச்சி, கிட்ட வாங்க."

சௌந்தரபாண்டியன் நின்றுவிட்டார். வாசல்படியிலிருந்து கல்யாணசுந்தரி இறங்கி வந்தாள். மகனைத் தூக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கீழே கிடந்த ரப்பர் குழாயை எடுத்துச் சுருட்டி, சுவருக்கு அந்தப்பக்கம் வீசினாள்.

"தட்ட வச்சது நான்தான். பூசைத் தட்டு. அவன் ஒண்ணும் பண்ணல" என்றாள். மகனைப் பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

"போலீசக் கூப்புடுங்கப்பா" என்று முனகினான் மணிகண்டபிரபு.

கேட்டில் கூட்டம் பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்திருந்தது. சௌந்தரபாண்டியன் அவர்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "பொம்பள கையால அடி வாங்குனேன்னு ஸ்டேசன்ல போயி எழுதிக் குடுக்கப் போறியா? எந்திரிலே, உள்ள போ." பிறகு கருத்தப்பாண்டியிடம், "கூட்டிட்டுப் போயிரு அவள" என்றார். கார் மதுரைக்குப் போகவில்லை.

இரண்டு பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். கருத்தப்பாண்டி கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டான். வழக்கம்போல அவள் இடது பக்கம் நடந்தவன், அந்தக் காது கேட்காது என்ற நினைப்பு வந்து சுற்றி வலது பக்கத்துக்குப் போனான். அவனுக்கு உள்ளே சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். ஒரு வருசம் முடிந்தது. கை படவில்லை. பெண்டாட்டி வந்துவிட்டாள், அவனுக்காக ஒரு முதலாளி மகனையே அடித்திருக்கிறாள். முகத்தில் காய்ந்த ரத்தத்தோடு சிரித்தான்.

"ஒரு வருசம் ராதாமணி. பாத்தேல்லா? ஒருத்தன் மேல படல."

அவள் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சிவந்து தடித்திருந்தது.

"வலிக்கா?" என்றான்.

அவள் நின்றாள். அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அடிக்கது இம்புட்டு லேசுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க ஏதோ தாங்க மாட்டாமத்தான் அடிக்குதீங்கன்னுல்லா பதினெட்டு வருசமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

கருத்தப்பாண்டியின் சிரிப்பு நின்றது. குழாயடி பட்ட கழுத்தைவிட, காப்பு கிழித்த கன்னத்தைவிட, வேறு எங்கோ வலித்தது. பின்னால் கட்டிக்கொள்ளக் கை தானாகப் போனது. ஒரு கையில் பை இருந்தது.

"வீட்டுச் சாவியக் குடுங்க" என்றாள் ராதாமணி.

கொடுத்தான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள், அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.